விபூதி போட்டுத் தேய்க்க அது குத்துவிளக்கு இல்லை

நேற்று நாணயச் சேகரிப்புக் குழுவில் ஓடிய அந்த வீடியோவைப் பற்றித்தான். பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ மாகாணத்துக்கான ஆயிரம் யென் வெள்ளி நாணயத்தை, அதன் பிளாஸ்டிக் கூடான காப்ஸ்யூலிலிருந்து கழற்றி, டூத்பேஸ்ட் தடவி, "பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க". பார்த்தேன். நாணயத்தில் தோயா ஏரிக்கு மேல் பறக்கும் கொக்குக்கு உச்சந்தலைச் சிவப்பைக் காணோம்.

அந்த வண்ணம் வெள்ளியின் மேல் அச்சிட்ட மெல்லிய படலம். தேய்த்தால் போகும். தேய்க்காதீர்கள்.

"வெள்ளி விளக்கையே விபூதி போட்டுத்தான் தேய்க்கிறோம்" என்று ஒருவர். தேய்ங்க சார், அது விளக்கு. இது 40 மில்லிமீட்டரில் 31.1 கிராம் தூய வெள்ளி, மெத்தென்ற உலோகம். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய அச்சில், சேகரிப்பாளர்களுக்கென்று அடித்த ப்ரூஃப் நாணயம். பருத்தித் துணி பட்டாலே மயிரிழைக் கீறல் விழும். பின்பக்கத்தில் பனி, நிலா, பூ என்று இந்த வரிசையின் 47 நாணயத்துக்கும் பொதுவான வடிவம் இருக்கிறதே, விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள், கீறலெல்லாம் தெரியும்.

"அப்போ கறுத்தா என்ன பண்றது?" நியாயமான கேள்வி. கறுப்பு கந்தகத்தால் வருவது. ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, மட்டமான அட்டைப்பெட்டி மூன்றையும் முதலில் அகற்றுங்கள். பிவிசி உறை பச்சைப் பிசுக்கு விடும். அதற்கு அசிட்டோன் என்று நான்தான் முன்பு எழுதினேன். அது வண்ணமில்லாத வெள்ளிக்கு! இதில் ஊற்றினால் வண்ணமே கரையலாம். வெள்ளியை முக்கியெடுக்கிற அமிலக் கரைசலான சில்வர் டிப்பும் கூடாது, பனிபோல் மங்கலாக இருக்கிற பகுதியை அமிலம் அரித்துவிடும். லேசாகக் கறுத்ததா? அப்படியே விடுங்கள். விளிம்பை மட்டும் பிடித்துக் காப்ஸ்யூலில் போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. முடிந்தது வேலை.

"அவர் காசு, அவர் இஷ்டம், உங்களுக்கென்ன எரியுது?" எரியத்தான் செய்கிறது. ஜப்பானில் உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்த 60 ஆண்டு நினைவாக, 2008இல் தொடங்கி 2016 வரை ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒன்றாக வெளியிட்டார்கள். ஹிரோஷிமாவுக்கு இட்சுகுஷிமா ஆலயம், கோச்சிக்கு சாமுராய் சகமோட்டோ ர்யோமா. வகைக்கு ஒரு லட்சம் நாணயம்தான். தேய்த்துத் தொலைத்தால் திரும்ப அடிக்க மாட்டார்கள்.

இன்னொருவர் "எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்?" என்கிறார். போடுங்க. போடுறதுக்கு முன்னாடி தயவுசெய்து தேய்க்காதீங்க, அவ்வளவுதான்.