அமுக்குவான் பேயும் புளியமரமும்

"இரவில் புளியமரம் கரியமில வாயுவை வெளியிடும். அதனடியில் படுத்தால் மூச்சு முட்டும். அதைத்தான் முன்னோர் அமுக்குவான் பேய் என்றார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பேயை விரட்டிவிட்டுப் பொய்யை உட்காரவைத்திருக்கிறார்கள்.

மரங்கள் இரவில் கரியமில வாயுவை விடுவது உண்மை. ஆனால் திறந்தவெளிக் காற்றில் அது உடனே கலந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பவரோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விடுகிறார். அவரைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. மரமே இல்லாத மாடி வீட்டிலும் அமுக்குவான் வருகிறானே!

நடப்பது உறக்க முடக்கம். கனவு காணும் ரெம் உறக்கத்தில், கனவுக்கேற்பக் கை காலை வீசிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடல் அசையாது, கனவின் உருவங்கள் அறைக்குள் நிற்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்பதில்லை. மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால்தான் யாரோ ஏறி உட்கார்ந்தது போன்ற பாரம். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானே விலகிவிடும்.

ஜப்பானில் இதற்குப் பெயர் கனாஷிபாரி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இது மார்பில் ஏறி உட்காரும் ஒரு கிழவியின் வேலை என்பார்கள். அங்கெல்லாம் புளியமரம் ஏது?

தூக்கக்குறைவும் மல்லாந்து படுப்பதும் இதைத் தூண்டும். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்கமுடியாத தூக்கம் அழுத்தினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.