லிப்ட் ஓடாத 11 நாள்

எங்கள் குடியிருப்பில் போன மாதம் லிப்ட் படுத்துவிட்டது. உதிரிபாகம் நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று 11 நாள் இழுத்தது. வாட்ஸ்அப் குழுவில் நடந்த ரகளை சொல்லி மாளாது. அதில் இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் போட்ட செய்திதான் உச்சம்: "தினமும் காலையில பார்க்குல 6 கிலோமீட்டர் நடக்கறேன். வீட்டுக்கு வந்து இந்தப் படியையும் ஏறணுமா?"

சிரித்துவிட்டேன். ஆனால் நானும் அதே ரகம்தான். என் வீடு நான்காம் மாடி, 72 படி. முதல் நாள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. கீழிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்கவும், போன் வந்த மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டு ஓரமாக நின்றேன். வந்தது ஐந்தாம் மாடியில் வீட்டு வேலை செய்யும் அக்கா. ஒரு கையில் தண்ணீர் கேன், மறு கையில் காய்கறிப் பை. "என்ன சார், சிக்னல் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

இந்தப் படி விவகாரத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்று ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மாரடைப்பு கூடிக்கொண்டே போனது, ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மோரிஸ் போய்ப் பிடித்தது லண்டன் பஸ்காரர்களை. மாடி பஸ். டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் மேலும் கீழும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. இருவரும் ஒரே நிறுவனம், ஒரே பஸ், வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்று. 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 ஆண்களின் கணக்கைப் பார்த்து 1953-இல் லான்செட் இதழில் எழுதினார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது. வந்த உடனே உயிர் போவதும் குறைவு.

டிரைவருக்கு டென்ஷன் ஜாஸ்தி, அதனால்கூட இருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அதையும் அவர் விடவில்லை. தபால் துறையில் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களைவிட, உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கும் டெலிபோன் ஆபரேட்டர்களுக்கும்தான் மாரடைப்பு அதிகம்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். 1956-இல் அவர் எடுத்துப் பார்த்தது சீருடைப் பதிவேடு. யாருக்கு என்ன அளவில் பேண்ட் தைத்தார்கள் என்ற கணக்கு! டிரைவர்களின் இடுப்பு, வேலைக்குச் சேரும் இளம் வயதிலேயே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது என்று தெரிந்தது. அதாவது தன் வாதத்திலேயே ஓட்டை இருக்கலாம் என்று அவரே தேடிப்போய்க் காட்டினார். பிறகு ஒரே உடல்வாகு உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும், திடீர் மரணம் டிரைவர்களிடமே அதிகமாக இருந்தது. தொப்பை ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. மோரிஸ் 2009-இல் இறந்தபோது வயது 99.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் "பார்த்தீர்களா, உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று முடிப்பார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கண்டக்டர் உடற்பயிற்சி என்று ஒன்றும் செய்யவில்லை. ஷூ வாங்கவில்லை, ஸ்டெப்ஸ் எண்ணவில்லை. டிக்கெட் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் செய்த வேலையிலேயே படி இருந்தது.

நம் வேலையில் இருந்த படியை எல்லாம் நாமே ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டோம். என் அலுவலகத்தில் டீ மேஜைக்கே வருகிறது. தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுக்கிறேன். இப்போது அதுவும் இல்லை, கொத்தமல்லிக் கட்டுகூட 10 நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. இப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் காலை ஒரு மணி நேர வாக்கிங்கில் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். வாக்கிங் நல்லதுதான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 10 மணி நேரம் நாற்காலியில் அசையாமல் இருக்க அது ஒன்றும் லைசென்ஸ் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாடி ஏறினாலும் கணக்குதான். உள்ளே நடப்பதும் எளிய விஷயம்தான். அசையும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, ரத்தக் குழாய் விரிந்து கொடுக்கப் பழகுகிறது, இதயம் குறைந்த துடிப்பில் அதே வேலையைச் செய்கிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 72 துடித்தது 62 ஆனால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம்.

சோம்பேறித்தனம் என்று முழுப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் 700 மீட்டர். நடைபாதை இருக்கிறது, அதன் மேல் ஒரு டிரான்ஸ்பார்மர், நான்கு பைக், ஒரு பானிபூரி வண்டி. எட்டு மணிக்கு மேல் நாய்கள். இதில் யார் நடப்பார்கள்?

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் வயல்காரர். நாள் முழுக்க வரப்பில்தான் நடை. 51 வயதில் மாரடைப்பு. "நடக்கறவனுக்கே வந்துடுச்சு, அப்புறம் நடந்து என்ன பிரயோஜனம்?" என்று ஊரே கேட்டது. அவர் சட்டைப் பையில் 30 வருடமாக இருந்த பீடிக் கட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு சொல்வது இதைத்தான். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி இல்லாத சாப்பாடு, மது, உடலுழைப்பு இல்லாமை என இந்த ஒன்பதுக்குள்ளேயே முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் 90 சதவீதம் அடங்கிவிடுகிறது. ஒன்பதில் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்ற எட்டை மறந்துவிட முடியாது. அதே ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்பே வருகிறது என்றும் தெரிந்தது.

மைத்துனர் பிழைத்தது அதிர்ஷ்டம். நெஞ்சு அடைத்ததும் வழக்கம்போல "வாயு" என்று சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கிறார். தங்கைதான் வியர்வையைப் பார்த்துப் பயந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கை நிறைய மாத்திரை கொடுத்து உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை என்று பிறகு தெரிந்தது. வியர்த்துக் கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், சோடாக் கடைக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

லிப்ட் பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்த மூன்றாம் மாடித் தாத்தாவுக்கும் அது கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த 11 நாளும் ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போய் வந்தது என் மனைவி, நான் இல்லை. இப்போது நான் இறங்குவதெல்லாம் படியில்தான். ஏறுவதும் வாரத்தில் நான்கு நாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் மனைவியும் முகநூலில் இருக்கிறார். இரண்டு நாள்.