விளையாட்டுக்குள் ஒரு வேலைக்காரி

மாதம் ஒரு முறையாவது வெள்ளவத்தைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: ரோப்லொக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளம் பிள்ளைகளைக் கெடுக்கிறதாம். வெளியுலக அழுக்கெல்லாம் அதன் வழியாக வீட்டுக்குள் வருகிறதாம். வருகிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்து அங்கே போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோப்லொக்ஸில் புரூக்ஹேவன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020இல், நாம் ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த அதே காலத்தில் வந்தது. வெற்றி தோல்வி கிடையாது. பொலிஸ், சிறை, வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் உண்டு. நீங்கள் யாரென்று தலைக்கு மேல் எழுதிக்கொண்டு அந்த ஆளாக நடமாட வேண்டும், அவ்வளவுதான்.

தங்கையின் மகளுக்குப் பத்து வயது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரிய மாளிகை, வாசலில் கார். உள்ளே இன்னொரு பிள்ளை, எந்த நாட்டதோ தெரியாது, தலைக்கு மேல் 'வேலைக்காரி' என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து சோபாவில் அமர்ந்தது. நம்மவள் விறுவிறுவென்று தட்டினாள்: "நீ அங்கே இருக்கக் கூடாது. குசினிக்குப் போ." ஏன் என்று கேட்டேன். "அப்படித்தானே, பெரியம்மா?" என்றாள், என்ன கேள்வி இது என்பது போல.

அந்தச் சட்டத்தை எழுதியது கலிபோர்னியாவில் இருக்கும் கம்பனி அல்ல. தங்கை வீட்டில் வேலை செய்யும் அம்மா ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கென்று ஒரு தனிக் கோப்பை சமையலறை யன்னலோரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதை யாரும் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. (தங்கை இதைப் படிப்பாள். படிக்கட்டும்.)

போர்க்காலத்தில் நாங்கள் ஒழுங்கைக்குள் சோதனைச்சாவடி விளையாடியவர்கள். தடியோடு நிற்பவன் ஆமிக்காரன், பஸ் டிக்கெட்தான் அடையாள அட்டை. பதில் சொல்லத் தடுமாறியவரை மதில் ஓரம் நிறுத்துவோம். யாரும் எங்களுக்கு அரசியல் வகுப்பு எடுக்கவில்லை, கண்டதை விளையாடினோம். 2023 ஒக்டோபரில் ரோப்லொக்ஸுக்குள் மலேசியப் பிள்ளைகள் பலஸ்தீனக் கொடியோடு ஊர்வலம் போனதும், 2025 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் குடியேற்றக் கைதுகள் நடந்தபோது அமெரிக்கப் பிள்ளைகள் புரூக்ஹேவன் தெருக்களில் அதே கைதுகளையும் எதிர்ப்பையும் நடித்ததும் இந்த வகைதான். "சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்பவர்களில் எத்தனை பேர் 2022இல் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போனீர்கள்? பெற்றோல் வரிசையில் பின் இருக்கையிலேயே தூங்க வைத்தீர்கள்? பார்த்ததை எங்காவது வைத்து ஆடிப் பார்க்கத்தானே வேண்டும் அதுகளுக்கும்.

ஒழுங்கைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, அதில் எனக்கும் பயம்தான். எங்கள் விளையாட்டு எல்லை மீறினால் விறாந்தையிலிருந்து ஒரு அதட்டல் வரும். இங்கே பக்கத்தில் நிற்பது பத்து வயதா நாற்பது வயதா என்று தெரியாது. 2023இல் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட ஒரு வழக்கில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் ரோப்லொக்ஸில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பைப் போல அமைத்த களங்களில் விளையாடித் தன்னை அதன் ஆளாகவே எண்ணியிருந்தான். ரோபக்ஸ் என்ற விளையாட்டு நாணயத்தின் பெயரில் போகும் காசு வேறு, அது நம் கடனட்டையிலிருந்து போகிற உண்மைக் காசு. கம்பனி இப்போது முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கிறது. நல்லது, ஆனால் அந்த ரோபக்ஸில் பிழைக்கிற கம்பனியை முழுக் காவலாளியாக நம்ப நான் தயாரில்லை. அரட்டையை மூடுங்கள், கடனட்டையை எடுத்துவிடுங்கள். அந்நியர் யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, வெட்கப்படாமல் அழையுங்கள்.

ஒரேயடியாகத் தடை செய் என்கிறவர்களுக்கு: துருக்கி 2024இல் செய்தது. நம் அரசும் 2022 ஏப்ரலில் முகநூலை முடக்கிப் பார்த்தது. அன்றைக்கே வீட்டுக்கு வீடு, தடையைச் சுற்றிப் போக உதவும் வீபிஎன் செயலி வந்துவிட்டது. பல வீடுகளில் அதைப் போட்டுக் கொடுத்ததே பிள்ளைகள்தான்.

தங்கை மகளிடம் நான் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அடுத்த முறை நீ வேலைக்காரியாக இரு, அவள் முதலாளியாக இருக்கட்டும் என்றேன். முகம் சுருங்கியது. "அது போரடிக்கும், பெரியம்மா" என்றாள். ஏன் அலுப்பு என்று கேட்டதும் ஆரம்பித்த பேச்சு, தேநீர் ஆறி, தங்கை வந்து என்னை முறைக்கும் வரை போனது.

உங்கள் பிள்ளை அந்த ஊரில் யாராக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதிலைக் கீழே எழுதுங்கள். "எங்கள் பிள்ளை அதெல்லாம் விளையாடாது" என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே என் வணக்கம்.