இன்சுலேஷன் போட்டால் வீடு சூடாகுமா? பரவும் செய்தி தவறு

"இன்சுலேஷன் (வெப்பம் கடப்பதைத் தடுக்கும் அடுக்கு) குளிர் நாடுகளுக்குத்தான். வெயில் ஊரில் கூரைக்குப் போட்டால் சூடு உள்ளேயே அடைந்து வீடு அடுப்பாகிவிடும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

இன்சுலேஷன் தானாகச் சூட்டை உண்டாக்காது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் போவதை, எந்தத் திசையானாலும், மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். காபியைச் சூடாக வைக்கும் அதே பிளாஸ்க்தானே ஐஸையும் உருகாமல் காக்கிறது? ஒரே தடிமனில் கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் முப்பதில் ஒரு பங்குகூட, இன்சுலேஷனாகப் போடும் தெர்மோகோல் கடத்தாது. உச்சி வெயிலை நேரடியாக வாங்குவது கூரை என்பதால் அங்கேதான் பலன் அதிகம். ஏசி ஓடும் வீட்டில் மின்செலவும் குறையும்.

சரி, பயத்துக்குக் காரணமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. வெயில் நேராக விழும் கண்ணாடி ஜன்னல் வழியே சூடு உள்ளே வந்துவிட்டால், அது வெளியேறவும் நேரமாகும். அதற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் நிழல் வேண்டும். இரவில் வெளியே குளிர்ந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அப்புறம், நார் வகை இன்சுலேஷன் நனைந்தால் வேலை செய்யாது. கூரை ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் இணையதளத்தில், இன்சுலேஷன் குளிரூட்டும் செலவையும் குறைக்கும் என்று விளக்கியிருக்கிறார்கள், நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.