5,000 வெள்ளிக்கு எத்தனை படிவம்?

சென்ற வாரம், எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் என் அறைக்கு வந்து, பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்குத் தரும் சிறு ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்). அதே உழைப்பைப் போட்டால் அமைச்சின் பெரிய மானியத்துக்கே விண்ணப்பித்துவிடலாம், பதவி உயர்வுக்கான புள்ளிகளும் அங்கேதான் அதிகம் என்று மூத்தவர் ஒருவர் அவருக்கு அறிவுரை சொல்லியிருந்தார். "போடுங்கள்" என்று சொல்லி நான் அனுப்பிவைத்தேன். ஆனால் அந்த மூத்தவர் சொன்னதிலும் பொய்யில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் நாங்கள் பேச்சில் 'கிராண்ட்' என்று சொல்வது பெரும்பாலும் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற அடிப்படை ஆய்வு மானியத்தைத்தான். அதை வாங்குபவர் பட்டமேற்படிப்பு மாணவரை உருவாக்கித் தர வேண்டும், தரவரிசைப் பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை வெளியிட வேண்டும். அரசின் பணம், அதற்கு அரசு கணக்குக் கேட்பதில் தவறில்லை. இதற்கு அப்பால், பல்கலைக்கழகங்களும் புலங்களும் தங்கள் உள்நிதியிலிருந்து சில ஆயிரம் வெள்ளியை ஓராண்டு, ஈராண்டுக் கால வேலைகளுக்காக ஒதுக்குவதுண்டு. நான் பேச வந்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சிறு மானியம் எனக்குக் கிடைத்தது. பந்திங், கோல சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டங்களை விட்டு வெளியேறி மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிய மூதாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்வதே திட்டம். உண்மையைச் சொன்னால், என்ன கிடைக்கும் என்று எனக்கே தெரியாது. விண்ணப்பத்தில் 'கருதுகோள்' என்ற கட்டத்தில் ஏதோ நாலு வரி எழுதிவைத்தேன். பன்னிரண்டு வயதில் பால்மரம் சீவப் போன ஒரு பாட்டி, தன் தகப்பனார் இறந்தபோது பாடிய ஒப்பாரியை எனக்காக மறுபடி பாடினார். ஊரில் பாடும் ஒப்பாரியில் தங்கத் தேரும் பல்லக்கும் வர வேண்டிய இடத்தில், துரையின் காரும் தோட்டத்து லோரியும் வந்தன. மாமன் கொண்டுவரும் சீர்வரிசை கப்பலில் வந்து இறங்கியது. பாடலின் சட்டகம் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த பொருள்கள் மட்டும் கடல் தாண்டியிருந்தன. எவை மாறின, எவை மாற மறுத்தன, ஏன் என்ற கேள்வி எனக்கு அன்று மதியம் அந்த வரவேற்பறையில்தான் பிறந்தது. அதன்பின் நான் எழுதிய நல்ல கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் விதை. கேள்வியே கையில் இல்லாதவருக்குப் பெரிய மானியம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கேள்வியைத் தேடிப் போவதற்கான வழிச்செலவைத் தருவது சிறு மானியம் ஒன்றுதான்.

பாடி முடித்துவிட்டு அந்தப் பாட்டி கேட்டார்: "ஏம்மா டீச்சரு, இதுக்கெல்லாமா கவர்மெண்டு காசு குடுக்குது?" கொடுக்கிறது பாட்டி என்றேன். கொடுக்கும் விதத்தை அவரிடம் விளக்கும் துணிவு எனக்கு இல்லை.

அந்த விதத்தைத்தான் இங்கே விளக்க வேண்டும். 5,000 வெள்ளிக்கும் ஐந்து லட்சம் வெள்ளிக்கும் ஒரே படிவம், ஒரே 'வோட்' பிரிவுகள், அதாவது செலவுத் தலைப்புகள். பயணத்துக்கு 21000, ஆய்வுப் பொருள்களுக்கு 27000, தொழில்சார் சேவைக்கு 29000 என்ற குறியீட்டு எண்களின் கீழ் பணம் வருவதற்கு முன்பே அதைத் துண்டு போட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் பெயர்க்க எட்டு மணி நேரம் ஆகிறது என்பதும், தோட்டத்துத் தமிழும் மலாய்ச் சொற்களும் கலந்த பேச்சாக இருந்தால் அதற்கும் மேல் ஆகிறது என்பதும் வேலையில் இறங்கிய பின்தான் எனக்குத் தெரிந்தது. பயணத்துக்கான பணம் மிச்சம் இருந்தது. எழுதித் தந்த மாணவிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு 400 வெள்ளியை மாற்றக் கடிதம் எழுதி, அது மூன்று மேசைகளைக் கடந்து கையொப்பத்துடன் திரும்பி வந்தபோது அந்த மாணவி பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டாள். பாடிக் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு 50 வெள்ளி அன்பளிப்புத் தர வேண்டுமானால் அடையாள அட்டையின் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும் என்றார்கள். ஒருவருடைய வங்கிப் புத்தகம் மகன் கையில் இருந்தது, மகன் சிங்கப்பூரில் இருந்தார். கடைசியில் புடவையும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். ரசீதை இணைத்திருந்தும், புடவை எந்த வகையில் ஆய்வுப் பொருளாகும் என்று கேட்டு ஒரு குறிப்பு வந்தது. கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த விதிப் புத்தகத்தில் பாட்டிகளுக்கு இடமில்லை.

இதைவிட ஆழமான சிக்கல், வேலையின் விளைவு என்று எதை ஏற்பது என்பதில் இருக்கிறது. ஸ்கோப்பஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால் ஒரு புள்ளி, வராவிட்டால் பூஜ்யம். தமிழில் எழுதித் தமிழர் படிக்கும் ஆய்விதழ்களில் அந்தப் பட்டியலில் இருப்பவை மிகமிக அரிது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் அத்துறையை வழிநடத்திய தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டில் அதே துறை, அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை அடிகளாரின் பதிப்பாக மறுபடி அச்சிட்டு வெளியிட்டதைச் சொல்பவர் குறைவு. மாநாட்டுப் பந்தல் பிரிக்கப்பட்டு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சு வழக்கை ஆராய்பவர்கள் அந்த அகராதியை இன்றும் புரட்டுகிறார்கள். இன்றைய படிவத்தில் அடிகளார் அதை எங்கே எழுதியிருப்பார்? 'புதிய கண்டுபிடிப்பு' இல்லை, 'கட்டுரை' இல்லை, 'காப்புரிமை' இல்லை. 'மற்றவை' என்ற கட்டம்தான் மிஞ்சும்.

படைப்பு வேலைக்கு நேர்வதும் இதே கதிதான். வேறொரு கல்வி நிலையத்தில் பணிபுரியும் நண்பர், 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைக் கொண்டு ஒரு மேடை நாடகம் எழுதி இயக்கினார். அரங்கில் இருந்த முதியவர்கள் எழுந்து நின்று தங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சே ஓர் ஆவணம். நண்பரின் ஆண்டறிக்கையில் அந்த நாடகம் 'சமூகப் பணி' என்று பதிவாகியிருக்கிறது. ரயில்பாதை போட்டபோது பதினைந்து வயதில் இருந்தவர்கள் உயிரோடிருந்தால் இப்போது நூறை நெருங்கியிருப்பார்கள். அவர்களிடமே போய்க் கேட்டிருக்க வேண்டிய ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகங்கள் எத்தனை ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்கின என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இடையில் ஒன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள், ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்திப் பேரவைக் கதைகளைத் தொகுப்பாக வெளியிட்டு வந்திருக்கிறார்கள். இந்நாட்டில் இன்று எழுதும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். மாணவர் சங்கம் ஒன்றால் இவ்வளவு முடியும்போது, விரிவுரையாளர்கள் முடங்கிக் கிடப்பதற்குப் பணம் போதாமை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

சிறு மானியங்களுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமும் உண்டு. சிறு தொகையை நிர்வகிக்க ஆகும் அலுவலகச் செலவு பெரிய தொகைக்கு ஆவதைவிட அதிகம் குறைவதில்லை. வாங்கியவர்களில் சிலர் அதை வைத்து வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்பியதோடு சரி. அவர்களை எனக்கும் தெரியும். ஆனால் பெரிய தொகை தந்தால் பெரிய விளைவு வரும் என்பதும் நிரூபணமான உண்மையில்லை. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டின், கரி என்ற இருவர் கனடாவின் அறிவியல் மானியங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, பணம் கூடும் அளவுக்கு ஆய்வின் தாக்கம் கூடுவதில்லை என்றும், சிலருக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிடப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதே பயன் தரக்கூடும் என்றும் சொல்கிறது. அறிவியல் துறைகளுக்குச் சொன்னதை இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அப்படியே பொருத்த முடியாதுதான். ஆயினும் எங்கள் துறைகளுக்கு ஆய்வுக்கூடமும் எந்திரமும் தேவையில்லை. பேருந்துச் சீட்டும், நகலெடுக்கும் செலவும், எழுதித் தரும் ஒருவரின் கூலியும் போதும். பிரிட்டிஷ் அகாடமியும் லெவர்ஹியூம் அறக்கட்டளையும் சேர்ந்து கலை-மனிதவியல், சமூக அறிவியல் துறைகளுக்கு 10,000 பவுண்டு வரையில் தரும் சிறு ஆய்வு மானியத்துக்குப் பல்கலைக்கழகப் பணியில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் தோட்டத்துத் தொழிற்சங்கக்காரர்களும் வீட்டுப் பரணில் வைத்திருக்கும் தாள்களை நினைத்துப் பார்க்கும்போது, அந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நான் கேட்பது கூடுதல் பணமில்லை. 5,000 வெள்ளி வரையிலான மானியத்துக்கு ஒரு பக்க விண்ணப்பம் போதும். பணத்தை வோட் பிரிக்காமல் மொத்தமாகக் கொடுக்கட்டும். முடிவில் ரசீதுகளோடு, சேகரித்த ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டனவா என்று மட்டும் பார்க்கட்டும். மேடையேறிய நாடகத்தையும், பதிப்பித்த பழைய நூலையும், பொதுமக்கள் முன் தமிழில் ஆற்றிய உரையையும் விளைவாக ஏற்கட்டும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் ஓராண்டு இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் வந்த வாசகர் கடிதங்களுக்கு அட்டவணை தயாரிக்க ஓர் இளைஞர் முன்வந்தால், இதில் கோட்பாடு எங்கே என்று முதல் கேள்வியிலேயே அவரை விரட்டாமல் இருக்கட்டும். உள்நிதிக்கான விதிகளைப் பல்கலைக்கழகம் தானே திருத்திக்கொள்ள முடியும் என்பதால், இவற்றில் பெரும்பகுதிக்கு அமைச்சின் வாசலில் போய் நிற்கவும் வேண்டியதில்லை.

இளம் விரிவுரையாளர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதாக நேற்றுச் சொன்னார். கருதுகோள் கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன், சிரித்தார். ஒப்பாரி பாடிய பாட்டி இப்போது குளுவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார், இன்னும் இரண்டு பாட்டு ஞாபகம் வந்திருப்பதாகப் பேத்தி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் போய் வரலாம் என்றிருக்கிறேன். இந்த முறை பேருந்துச் சீட்டை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.