தீர்ப்பு வந்துவிட்டது, பட்டா எங்கே?

"காட்டைக் காப்பாற்றத்தான் பழங்குடிகளை வெளியேற்றுகிறோம்" என்று எந்த அரசு சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கென்யாவின் ஓகியெக் மக்கள் நடத்திய வழக்கு.

2009 அக்டோபரில் கென்ய வனத்துறை அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. 30 நாளில் மாவ் காட்டைக் காலி செய்ய வேண்டும். மாவ் முக்கியமான நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது காரணம். அது உண்மைதான், மாரா ஆறு அங்கேதான் பிறக்கிறது. ஆனால் ஓகியெக் மக்களுக்கு வேட்டையும் தேனும்தான் பரம்பரைப் பிழைப்பு. மரத்துண்டைக் குடைந்து கூடு செய்து உயரமான மரத்தில் ஏற்றி வைப்பார்கள். காட்டில் எந்தப் பகுதி எந்தக் குலத்துக்கு என்று வழிவழியாக வரையறை உண்டு. மலைச்சரிவில் உயரத்துக்கு உயரம் பூக்கும் பருவம் மாறும், அதற்கேற்ப அவர்களும் மேலும் கீழும் போய் வருவார்கள். மரத்தை வெட்டினால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான்.

ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்கு அவர்களால் நேராகப் போக முடியவில்லை. தனிமனிதர்களின் நேரடி மனுவை ஏற்பதாக அவர்களுடைய அரசு தனியாக அறிவித்திருக்க வேண்டும், கென்யா அறிவிக்கவில்லை. அதனால் முதலில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்திடம் போனார்கள். ஆணையம் 2012இல் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. தீர்ப்பு வந்தது 2017 மே 26.

அந்தத் தீர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். சொத்துரிமை என்பது தனிமனிதருக்கு மட்டுமல்ல, ஒரு சமூகத்துக்கும் உண்டு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. காடு அழிந்ததற்கு ஓகியெக் மக்கள்தான் காரணம் என்பதற்கு அரசு எந்த ஆதாரமும் காட்டவில்லை. பிறரின் ஆக்கிரமிப்பு, அரசே குடியேற்றத்துக்குப் பிரித்துக் கொடுத்த நிலம், மரம் வெட்டக் கொடுத்த அனுமதி, இவைதான் சேதத்துக்குக் காரணம் என்று ஆவணங்கள் காட்டின.

2022 ஜூனில் அடுத்த தீர்ப்பு. மொத்தம் 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங் இழப்பீடு. அதைவிட முக்கியம், நிலத்தை அளந்து எல்லை குறித்து ஓகியெக் பெயரில் கூட்டுப் பட்டா கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு.

ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 2023 நவம்பரில் மாவ் காட்டின் நாரோக் பகுதியில் வனக்காவலர்கள் வந்து நூற்றுக்கணக்கான ஓகியெக் மக்களின் வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள்.

அப்புறம் இந்த நீதிமன்றத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்புக்கு முன்னால் அந்த மக்கள் அரசுப் பதிவில் ஆக்கிரமிப்பாளர்கள். இப்போது சட்டத்தை மீறுவது கென்ய அரசு, அது எழுத்தில் இருக்கிறது. ஆசியப் பழங்குடிகளுக்கு இப்படிப் போய் நிற்க ஒரு வட்டார நீதிமன்றமே கிடையாது.

தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைச்சர்கள் குழுவுக்கு இருக்கிறது. பட்டா எங்கே என்று மற்ற நாடுகள் அந்தக் குழுவில் கென்யாவை முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும், கிடைக்கும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும்.