மார்ச் மாத சப்போரோவை விற்பவர்களே, தரையைப் பற்றியும் சொல்லுங்கள்!

எரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். "பிப்ரவரி பனித் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் போங்கள், விலை குறைவு, பனி அப்படியே இருக்கும்" என்று சொல்லித்தான் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் வட ஜப்பானிய நகரமான சப்போரோவை மார்ச் மாதத்தில் நம் தலையில் கட்டுகிறார்கள். பனி இருக்கும், சரி. எந்த நிலையில் இருக்கும் என்று ஒரு வரி எழுதினால் எந்தக் குடி முழுகிவிடும்?

பகலில் நான்கைந்து டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. பகலெல்லாம் உருகிய தண்ணீர் இரவில் நடைபாதையிலேயே உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. மேலே கொஞ்சம் புதுப்பனி விழுந்துவிட்டால் அடியில் இருப்பதே தெரியாது. மதியம் அதே இடம் சகதிக் குட்டை. பெட்டியின் சக்கரம் உருளாது. தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சாலையைக் கடக்கும் இடங்கள்தான் மகா மோசம். பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர்கள் தார்ச் சாலையைச் சுரண்டித் தூசி கிளப்பியதால் 1990-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் ஆணியில்லாத டயர்கள் சிக்னலில் நின்று நின்று கிளம்பும்போது பனியைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகின்றன. அப்படி ஓரிடத்தில் என் கண்ணெதிரே வெளியூர் அம்மா ஒருவர் விழுந்தார். காலில் அடிப்பாகம் வழுவழுவென்ற சாதாரண ஷூ. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடக்கிறார், பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. பள்ளிச் சீருடையில் இருந்த பையன் ஒருவன் ஓடி வந்து தூக்கிவிட்டான். வயிறு எரிந்தது எனக்கு.

நகரத்தைக் குறை சொல்ல மாட்டேன். தெருமுனைகளில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பையை எடுத்துத் தூவலாம். ரயில் நிலையத்திலிருந்து நகர மையமான ஓதோரி வரை 2011-இல் திறந்த சுரங்க நடைபாதை இருக்கிறது. ஷூவில் மாட்டும் வழுக்கல் தடுப்பான் கடைகளில் கிடைக்கிறது. காலை முழுதாக ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடக்க ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இதையெல்லாம் பயணிக்குச் சொல்ல வேண்டியவர்கள்தான் சொல்வதில்லை. கிளம்பும் முன் நான் கேட்டதற்கு, "நல்ல ஷூ போதும் சார்" என்று முடித்துவிட்டார்கள். அவர்கள் விளம்பரத்தில் பனியோடு செர்ரிப் பூ வேறு! சப்போரோவில் அது பூக்க ஏப்ரல் கடைசி ஆகும்.

காசு வாங்குகிறீர்கள் இல்லையா? பயணத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்: எந்த ஷூ, தடுப்பான் எங்கே கிடைக்கும், எந்த வழியாகப் போனால் தரைக்கடியிலேயே போய்விடலாம். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு போன் போட்டே சொல்லுங்கள்.